மோர் கொண்டாரட்டுமா

வலங்கைமான் பக்கம் போய் என் வீட்டுக்காரர் பேரைச் சொன்னால், வயதானவர்கள் இன்றைக்கும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். "மருந்தடிச்சு விழுந்தவனுக்கு மோர் குடுக்கச் சொன்னாரே, அந்த டியூஷன் வாத்தியாரா?" அந்தப் பேச்சுக்கு இருபத்தாறு வயதாகிறது. அவர் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. பேச்சு அவரைவிடத் திடமாக இருக்கிறது.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த மோரைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் அதற்கு முன்னால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் வரும்.

பேர் காயாரோகணம். நாகப்பட்டினத்துக்காரர். புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று என்னை வளர்த்தார்கள். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. எங்கள் ஊர் குத்தாலம். தரகர் வந்து, "மாப்பிள்ளை டாக்டருக்கும் படிச்சிருக்காரு, இன்ஜினியருக்கும் படிச்சிருக்காரு" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. மெட்ராஸில் டாக்டருக்கு நாலு வருஷம், அதன் பிறகு இன்ஜினியருக்கு இரண்டு வருஷம் படித்தவர்தான். முடித்தாரா என்று கேட்க எங்கள் அப்பாவுக்குத் தோன்றவில்லை. கல்யாணமாகி மூன்றாம் நாள் நான் கேட்டேன். "ரெண்டும் முடிக்கல தையலு" என்றார்; தையல்நாயகி என்ற என் பேரை அப்படித்தான் சுருக்குவார். அவ்வளவு நேரான பதிலைக் கேட்டதில் எனக்குக் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை.

ஏன் முடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. எழுத்துப் பரீட்சையில் அவர் பேர்தான் முதலில் வருமாம். அதற்குப் பிறகு வாய்மொழிப் பரீட்சை என்று ஒன்று வைப்பார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெரிய டாக்டர்கள் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்பார்கள், இவர் நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டும். மருந்துகளைப் பற்றிய பாடத்துக்கு மூன்று தடவை அந்த மேஜைக்கு முன்னால் போய் நின்றார். மூன்று தடவையும் விடை தெரியும். மூன்று தடவையும் நாக்கு எழும்பவில்லை. வீட்டில் தோப்பை விற்று இன்ஜினியருக்கு அனுப்பினார்கள். அங்கேயும் ஒரு மேஜை இருந்தது.

இப்படிப்பட்டவர் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் பிள்ளைகள் முன்னால் அவர் வேறு ஆள். பெரிய மனிதர் யாராவது எதிரில் வந்தால் உலர்ந்துபோகிற வாய், பி.யு.சி. படிக்கிற பிள்ளைகளைக் கண்டால் மடை திறந்துவிடும். டாக்டர் படிப்பையும் இன்ஜினியர் படிப்பையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறுவார். இதயத்தை நடத்துகிற அன்றைக்கு வகுப்பையே பம்ப்செட் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போய், அடி வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார். "தண்ணி மேல போகும், கீழ வராது. உன் நெஞ்சுக்குள்ள இந்த மாதிரி நாலு இருக்கு. ஒண்ணு ஒழுகினா என்ன ஆகும், சொல்லு." வயலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒழுகுகிற வால்வு என்ன செய்யும் என்று தெரியாதா? வாய்க்காலை வைத்து ரத்தக் குழாய், வடிகாலை வைத்து சிறுநீரகம். கும்பகோணம், வலங்கைமான், திருவாரூர் என்று எங்கிருந்தோ சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்தார்கள். அவரிடம் படித்து டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் சீட் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். ஊரில் பாதிப் பேர் அவரை டாக்டர் சார் என்றார்கள், பாதிப் பேர் இன்ஜினியர் சார் என்றார்கள். அவர் இரண்டையும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. எனக்கு உள்ளூர அது பிடித்திருந்தது.

வகுப்பு நடந்தது மிராசுதார் துரைராசுவின் நெல் களஞ்சியத்தில். குடமுருட்டிக் கரையில் வலங்கைமானுக்குப் பக்கத்து ஊர் அது. அறுவடைக்கு முன் களஞ்சியம் காலியாகக் கிடக்கும். பிள்ளைகள் நெல் தூசியில் தும்மிக்கொண்டே படிப்பார்கள். துரைராசுவின் மகன் சிங்காரவேலுவுக்கு இவர் பாடம் சொல்லித்தர வேண்டும், அதற்குப் பதில் களஞ்சியமும், நாங்கள் குடியிருக்க அதன் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடும். துரைராசு கெட்டிக்காரர். அறுபத்தேழு வரைக்கும் கதர் கட்டினார், அதன் பிறகு ஒரே வாரத்தில் கரைவேட்டிக்கு மாறினார். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, தன் நிலத்தைத் துண்டு துண்டாக்கி சமையல்காரர், கணக்குப்பிள்ளை, வண்டிக்காரர் என்று எல்லோர் பேரிலும் எழுதி வைத்தார். அதில் ஆறு ஏக்கர் என் பேரில் இருந்தது. பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். பட்டாவில் நான் பண்ணையாரம்மா. அந்த வயலில் விளைந்த ஒரு மரக்கால் நெல்லைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் நடக்கும்போது, இது என் பேரில் இருக்கிற நிலம் என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பார்த்தேன்.

அந்த வகுப்பில் சுந்தரி என்று ஒரு பெண் படித்தாள். அப்பா காத்தான், அம்மா காளியம்மாள். இரண்டு பேரும் துரைராசு பண்ணையில் கூலி வேலை. குடியிருந்தது தெற்குத்தெருவில்; அன்றைக்கு நாங்கள் அதைச் சேரி என்றுதான் சொல்வோம். சுந்தரி கும்பகோணத்தில் அரசாங்க விடுதியில் தங்கி பி.யு.சி. படித்தாள். சனி, ஞாயிறு வீட்டுக்கு வருவாள். டியூஷனுக்கு வரலாமா என்று காத்தான் வந்து கேட்டபோது இவர் வரச் சொல்லிவிட்டார். துரைராசு ஆட்சேபிக்கவில்லை, பின்வாசலில் உட்காரட்டும் என்று மட்டும் சொன்னார். மூட்டை தூக்குகிறவர்கள் வந்துபோகிற வாசல் அது. இவர் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. மறுநாள் கரும்பலகையைக் கொஞ்சம் கோணலாகத் திருப்பி வைத்தார். பின்வாசலில் இருந்து பார்த்தால் அது நேராகத் தெரியும். அவ்வளவுதான் அவரால் முடிந்த தைரியம்.

என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் தர ஒரு அலுமினிய டம்ளர் தனியாக வைத்திருந்தேன். குடித்துவிட்டு அவளே கழுவி, பின்வாசல் படியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். நான் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டிய அவசியம் இல்லாமல் இருந்தது.

கண் பாடம் நடத்திய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "கண்ணுக்கு நடுவுல இருக்கிற கருப்பு ஒரு மதகு. வெளிச்சம் நிறைய வந்தா பலகையை இறக்கும், கம்மியா வந்தா ஏத்தும்" என்றார். டார்ச்சைக் கொடுத்து ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கச் சொன்னார். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்தார்கள். பின்வாசலில் சுந்தரிக்கு ஜோடி இல்லை. அவர் வீட்டுப் பக்கம் பார்த்து, "தையலு, இங்க வா. அந்தப் பொண்ணு கண்ணை நீ பாரு" என்றார். எனக்கு எரிச்சல், அடுப்பில் குழம்பு. இருந்தாலும் போனேன். அவள் கண்ணில் வெளிச்சத்தை அடித்ததும் கருப்பு சட்டென்று சுருங்கியது, விலக்கியதும் விரிந்தது. எனக்கே ஆசையாகிவிட்டது, நாலைந்து தடவை செய்து பார்த்தேன். அவளும் என் கண்ணைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

அப்போது அவர் சொன்னார். "வெளிச்சம் இல்லாமலே இது கடுகாட்டம் சுருங்கிக் கிடந்துச்சுன்னா ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு அபின். இன்னொண்ணு, நம்ம வயல்ல அடிக்கிறோமே, அந்தப் பூச்சி மருந்து. அட்ரோபின்னு ஒரு ஊசி இருக்கு, அதை உடனே போடணும். நேரம்தான் முக்கியம்." மெட்ராஸில் மேஜைக்கு முன்னால் நின்று சொல்ல முடியாமல் போன விடை அதுதானாம். எங்கள் களஞ்சியத்தில் தடுமாறாமல் சொன்னார். சுந்தரி எழுதிக்கொண்டாள். நான் எழுதவில்லை, ஆனால் கடுகு என்ற சொல் மனதில் நின்றுவிட்டது. சமையற்கட்டுக்காரிக்கு வேறு எது நிற்கும்?

எழுபத்திரண்டாம் வருஷம் ஆவணி மாதம். குறுவை பால் பிடித்து நிற்கிற சமயம், கதிரில் நாவாய்ப்பூச்சி. அந்த மருந்து எங்கள் பக்கம் வந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. டப்பாவில் மண்டையோடு போட்டிருக்கும், யார் பார்த்தார்கள்? தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கும். குச்சியால் கலக்க வேண்டியதைக் கையால் கலக்குவார்கள். சாணி, எரு, முளைகட்டிய விதை எல்லாவற்றையும் கையால் அளைந்து பழகியவர்களுக்கு, இது மட்டும் வேறு என்று வயலில் நின்று சொன்னவர் யாருமில்லை. அதே கையால் வெற்றிலை மடித்துப் போட்டுக்கொள்வார்கள். சுந்தரி தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். "கைக்குத் தெரியாததா குச்சிக்குத் தெரியப்போவுது?" என்று காத்தான் சிரித்தாராம்.

காலமும் சரியில்லாத காலம். கூலித் தகராறு ஓய்ந்தபாடில்லை. முந்தின வாரம்தான் பக்கத்து ஊரில் மருந்தடித்த ஒருவர் மயங்கி விழுந்து, செங்கொடிச் சங்கம் நாலு நாள் ஒருத்தரையும் வயலில் இறங்கவிடவில்லை. கதிர் முற்றுகிற நேரத்தில் தன் பண்ணையில் அப்படி ஒன்று நடந்துவிடக் கூடாதென்று துரைராசு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். அரசாங்கம் கள்ளுக்கடை திறந்திருந்த வருஷமும் அது. யார் எங்கே விழுந்தாலும் சொல்வதற்கு ஒரு காரணம் கையோடு இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. களஞ்சியத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் லாரிக்காரர் ஜெக்கரியாவின் வண்டியில் இருந்து உர மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணி இருக்கும். நாலு பேர் காத்தானைத் தூக்கிக்கொண்டு வந்து களத்தில் கிடத்தினார்கள். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, வேட்டி நனைந்திருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முறுக்கினார். என் பேரில் இருக்கிற ஆறு ஏக்கரில்தான் விடிகாலையில் இருந்து மருந்தடித்தாராம். அதைத் தூக்கிவந்தவர்கள்தான் சொன்னார்கள்.

துரைராசு வந்தார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "காலங்காத்தால கள்ளுக்கடைக்குப் போயிட்டு வயல்ல எறங்கியிருக்கான்" என்றார். கூட்டத்தில் யாரோ, "இல்லீங்கய்யா, இன்னிக்கு அவன் கடைப் பக்கமே போவல" என்றார்கள். துரைராசு களஞ்சியத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். "டாக்டர் சார், கொஞ்சம் வாங்க. வந்து பாத்துச் சொல்லுங்க, இது கள்ளுதானே?"

இவர் டார்ச்சோடு வந்தார். நானும் பின்னாலேயே போய் நின்றேன். மண்டியிட்டு, இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். அவர் தோளுக்கு மேலாக எனக்கும் தெரிந்தது. கருப்பு, கடுகாட்டம்.

எழுந்தார். முப்பது பேர் அவர் வாயையே பார்த்தார்கள். துரைராசு நெஞ்சுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மெட்ராஸ் மேஜையைப் பற்றி அவர் எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன். உதடு அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் வந்திருக்கும். இதை நான் சத்தியமாக நம்புகிறேன். அவர் முகம் எனக்குத் தெரியும், அது வரப்போகிற முகம்.

எனக்கு அந்த நேரத்தில் என்னென்னவோ ஓடியது. மருந்து என்று இவர் சொல்லிவிட்டால் போலீஸ் வரும், சங்கம் வரும், வயல் யாருடையது என்று கேட்பார்கள். பட்டாவில் என் பேர். கோர்ட்டில் என்னை நிற்க வைப்பார்கள். நிற்க வைக்காவிட்டாலும் துரைராசு வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார். காத்தான் என் காலடியில் முறுக்கிக்கொண்டு கிடக்கிறார், நான் வீட்டு ஓட்டைப் பற்றி யோசித்தேன். யோசித்துக்கொண்டே வாயைத் திறந்தேன்.

"என்னங்க, மோர் கொண்டாரட்டுமா?"

அவ்வளவுதான் சொன்னேன். கள்ளு என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கம் கள் குடித்து விழுந்தவனுக்குத்தான் மோர் கரைத்துக் கொடுப்பார்கள், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டாக்டர் வீட்டு அம்மா மோர் என்று சொல்லிவிட்ட பிறகு இன்னும் என்ன வேண்டும்? "நான் சொல்லல?" என்றார் துரைராசு. "மோராம், மோராம்" என்று கூட்டத்தில் பின்வரிசை வரைக்கும் போயிற்று. அங்கே போய்ச் சேரும்போது அது "டாக்டர் சார் மோர் குடுக்கச் சொல்லிட்டாரு" என்று ஆகியிருந்தது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மோர் எடுக்க ஓடிவிட்டேன்.

மோர் கரைத்தேன், கொண்டுவந்தேன், யாரோ வாயில் ஊற்றினார்கள், அது வெளியே வழிந்தது. நிழலில் தூக்கிப் போட்டார்கள். தெளிந்துவிடும் என்று காத்திருந்தார்கள். அரை மணி நேரம் போயிருக்கும். மாடு கட்டியிருந்த இடத்தில் இருந்து காளியம்மாள் அலறிக்கொண்டு வந்தாள். அதற்கு முன்பே சுந்தரி பின்வாசலில் இருந்து முன்னால் வர முயன்றிருக்கிறாள். ஆட்கள் மறித்து, "ஒங்கப்பன் போதையில கெடக்கான், பொம்பளப்புள்ள நீ அங்க வராத" என்று நிறுத்தியிருக்கிறார்கள். அம்மா வந்ததும் சுந்தரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"சார், டார்ச்சக் குடுங்க" என்றாள். இவர் கொடுத்தார். அப்பாவின் கண்ணைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள். "சார், நீங்க நடத்துனது தானே சார் இது?"

இவர் அவள் கையில் இருந்த நோட்டைப் பிடுங்கினார். ஒரு தாளைக் கிழித்து, தொடையில் வைத்துக் கடகடவென்று எழுதினார். என்ன மருந்து, எத்தனை மணியில் இருந்து, கண் எப்படி இருக்கிறது, என்ன ஊசி போட வேண்டும், எல்லாம். வாய் வராதவருக்கு எழுத எப்போதும் வரும். அதை அவள் கையில் திணித்துவிட்டு ஜெக்கரியாவைப் பார்த்து லாரியைக் காட்டினார். ஜெக்கரியா யாரையும் கேட்கவில்லை. மீதி மூட்டைகளைப் பாதையிலேயே உருட்டிவிட்டு, காத்தானை ஏற்றிக்கொண்டு கும்பகோணத்துக்கு ஓட்டினார்.

ஊசி போட்டார்கள். காத்தான் இரண்டு நாள் போராடினார். மூன்றாம் நாள் இறந்துபோனார். இன்னும் அரை மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அங்கே சொன்னார்களாம். அரை மணி நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். ஒரு உலை வைத்து அரிசி களைந்து போடுகிற நேரம். இன்றைக்கும் அடுப்பில் உலை கொதிக்கும்போது அந்த எண்ணம் வராமல் இருந்ததில்லை.

அன்று இரவு அவர் ஒன்றும் கேட்கவில்லை. "ஏன் அப்படிச் சொன்னே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், சண்டையாவது போட்டிருப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

சங்கத்துக்காரர்கள் ஊரையே நிறுத்திவிட்டார்கள். பத்தாம் நாள் ஆர்.டி.ஓ. வந்தார். விசாரணை அந்தக் களஞ்சியத்திலேயே நடந்தது. பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தில் ஒரு மேஜை போட்டு, அதற்கு அந்தப் பக்கம் அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் துரைராசுவின் ஆட்கள், மறுபக்கம் தெற்குத்தெரு முழுவதும். சுந்தரி அம்மாவோடு நின்றாள். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: டாக்டர் சார் கண்ணைப் பார்த்தார், மோர் கொடுக்கச் சொன்னார். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைவிருந்தது அவர்களுக்கு. துரைராசுவும் அதையே பிடித்துக்கொண்டார். "படிச்ச டாக்டரே கள்ளுன்னு சொல்லிட்டாருங்க. எனக்கு என்ன தெரியும்?"

ஆர்.டி.ஓ. காகிதத்தைப் புரட்டி, "வயல் பட்டாதாரர் தையல்நாயகி. யார் அது?" என்றார். கூட்டத்தில் எனக்கு வழி விட்டார்கள்.

அப்போது இவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. அதே மாதிரி உதடு அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது. வராது என்றுதான் நினைத்தேன்.

வந்தது. "அவங்க என் சம்சாரம். அந்த வயலுக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்லீங்க. நிலம் துரைராசுவோடது, சட்டத்துக்கு பயந்து எங்க பேர்ல பினாமியா எழுதி வச்சிருக்காரு. இது கள்ளு இல்ல, பூச்சி மருந்து. கண்ணைப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லல."

ஆர்.டி.ஓ. எழுதுவதை நிறுத்தினார். "தெரிஞ்சும் மோர் குடுக்கச் சொன்னீங்களா?"

களஞ்சியம் முழுக்க அவரைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன். தரையில் நெல் உமி கிடந்தது. நான்தான் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும்.

"ஆமாங்க" என்றார் அவர். "நான்தான் சொன்னேன். அப்புறம், எல்லாரும் என்னை டாக்டர்னு சொல்றாங்க. நான் டாக்டர் இல்லீங்க. படிச்சேன், தேறல."

வாழ்க்கையில் அவர் ஒரு மேஜைக்கு முன்னால் நின்று வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். அதில் சொன்னதில் ஒன்று மட்டும் பொய். அந்தப் பொய்யை எனக்காகச் சொன்னார்.

காளியம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். அவர் துடைத்துக்கொள்ளாமல் நின்றார். சாயங்காலத்துக்குள் துரைராசு எங்கள் சாமான்களை வெளியே வைத்துவிட்டார். ஒரு பக்கம் துரோகி என்றார்கள், மறுபக்கம் கொலைகாரன் என்றார்கள், இடையில் நான் பாத்திரங்களை மூட்டை கட்டினேன். அந்த ஆறு ஏக்கர் பல வருஷ வழக்குக்குப் பிறகு உச்சவரம்பில் போயிற்று. அதில் கொஞ்சம் காளியம்மாளுக்குக் கிடைத்தது என்று கேள்விப்பட்டேன்.

குத்தாலத்தில் எங்கள் அப்பா வீட்டில் அவர் மறுபடியும் டியூஷன் தொடங்கினார். வாசலில் மாட்டிய பலகையில் தன் பேரையும் பாடங்களையும் மட்டும் எழுதினார். யாராவது டாக்டர் சார் என்றால் அங்கேயே திருத்துவார். எந்தப் பிள்ளையும் எந்த வாசல் வழியாகவும் வரலாம், எங்கேயும் உட்காரலாம். கரும்பலகையைச் சுவரோடு நேராக வைத்து ஆணி அடித்துவிட்டார். இருபத்தைந்து வருஷம் கற்றுக்கொடுத்தார். கண் பாடம் வந்தால் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். நான் சமையற்கட்டில் இருந்து எழுந்து கொல்லைக்குப் போய்விடுவேன். தினமும் மத்தியானம் சாப்பாட்டு முடிவில் இலையில் கையை வைத்துக்கொண்டு, "மோர்" என்பார். நான் ஊற்றுவேன். ஒரு நாளாவது முகம் மாறியிருந்தால், ஒரு நாளாவது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் குடித்துவிட்டு எழுந்து போவார். அவர் உயிரோடு இருந்தவரை, நான்தான் என்று ஊரில் ஒருத்தரிடமும் நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மாசியில் போய்விட்டார்.

போன வாரம், சித்திரை வெயிலில், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நரை விழுந்த தலை, கையில் ஒரு பை. யார் என்று தெரியவில்லை. "நான் சுந்தரிம்மா" என்றாள். எனக்கு வா என்பதா வாங்க என்பதா என்று புரியவில்லை. இரண்டையும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். டாக்டருக்குப் படித்து முடித்து, மருத்துவக் கல்லூரியில் வாத்தியாராக இருக்கிறாளாம். எந்தப் பாடம் என்று கேட்டேன். மருந்துகளைப் பற்றிய பாடம் என்றாள்.

"வாய்மொழிப் பரீட்சை வைக்கிற மேஜைக்கு அந்தப் பக்கம் இப்ப நான் உக்காந்திருக்கேன்மா. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு புள்ளைங்க வாய் வராம நிக்கும். பேப்பரும் பேனாவும் குடுத்து எழுதச் சொல்லிடுவேன். சார் எங்கப்பாவுக்கு எழுதிக் குடுத்தாரே, அது மாதிரி."

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்ன வெயில்! மோர் இருக்காம்மா?"

உள்ளே போனேன். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, உப்புப் போட்டுக் கலக்கினேன். கொண்டுவந்து அவள் முன்னால் நின்றேன், நீட்ட முடியவில்லை.

"சுந்தரி, அன்னிக்கு மோர்னு சொன்னது அவர் இல்ல. நான்தான்."

"தெரியும்மா" என்றாள். "நான் பின்வாசல்ல தானே நின்னேன். உங்க சத்தம் கேட்டுச்சு."

"அப்ப விசாரணையில ஏன் சொல்லல?"

"சார் 'நான்தான்'னு சொன்னப்ப நான் உங்களத்தான் பாத்தேன். நீங்க தரையப் பாத்துக்கிட்டு நின்னீங்க. நிமிருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "சாருக்கு அன்னிக்குத்தான் வாய் வந்துச்சு. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல."

என் கையில் இருந்து டம்ளரை அவளே வாங்கிக்கொண்டாள். நிதானமாக, மீதி வைக்காமல் குடித்தாள். பிறகு எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் பின்னால் போனபோது, டம்ளரைக் கழுவிப் பின்வாசல் படியில் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்துகொண்டிருந்தாள். கைப்பழக்கத்தில் செய்ததா, எனக்காகச் செய்ததா, அவள் முகத்தில் தெரியவில்லை.

அங்கே வைக்காதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.